எழிலில் எழுதிய வருமான வரி நிரல் அலுவலகக் கணக்கோடு ஒத்துவரவில்லை, எங்கே இடிக்கிறது?

கொடுமுடி_வாசகி:

அனைவருக்கும் வணக்கம். அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறையில் அவனுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். ஆங்கிலச் சொற்களில் அவன் தடுமாறக் கூடாது, சிந்தனை மட்டும் பிடிபட்டால் போதும் என்று, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் எழில் மொழியில் தொடங்கினோம். கூட்டல், பெருக்கல் வாய்ப்பாடு, ஒற்றைப்படை இரட்டைப்படை எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்து வீட்டில் நிஜமாகவே பயன்படுகிற ஒரு கணக்கைச் செய்வோம் என்று என் வருமான வரியை எடுத்தோம். 2025-26 நிதியாண்டு, புதிய முறை, சம்பளம் 13,20,000. சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 தவிர வீட்டுக் கடன் கழிவு, 80சி சேமிப்புக் கழிவு எதுவும் இல்லை. இதுதான் நாங்கள் எழுதியது:

```
சம்பளம் = 1320000
வருமானம் = சம்பளம் - 75000

@( வருமானம் <= 400000 ) ஆனால்
    வரி = 0
@( வருமானம் <= 800000 ) இல்லைஆனால்
    வரி = வருமானம் * 5 / 100
@( வருமானம் <= 1200000 ) இல்லைஆனால்
    வரி = வருமானம் * 10 / 100
@( வருமானம் <= 1600000 ) இல்லைஆனால்
    வரி = வருமானம் * 15 / 100
இல்லை
    வரி = வருமானம் * 20 / 100
முடி

வரி = வரி + வரி * 4 / 100
பதிப்பி "கட்ட வேண்டிய வரி", வரி
```

(20 லட்சத்துக்கு மேலுள்ள படிகளை இன்னும் சேர்க்கவில்லை, அது என் சம்பளத்துக்குத் தேவைப்படாது.)

நிரல் பிழை எதுவும் காட்டாமல் ஓடுகிறது. விடை 1,94,220 என்று வருகிறது. அலுவலகத்தில் கொடுத்த வரித் தாளிலோ மொத்தமே 46,800 தான். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை லட்சம் வித்தியாசம். வருமானம் 12,45,000, அது 12 லட்சத்துக்கும் 16 லட்சத்துக்கும் நடுவில் இருக்கிறது, அங்கே வீதம் 15 சதவீதம் என்றுதானே அட்டவணையில் இருக்கிறது? நிபந்தனையில் தவறா, இல்லை அலுவலகத்தில் ஏதாவது விட்டுவிட்டார்களா? பையனுக்கு நான் விளக்க வேண்டும், அதனால் திருத்திய நிரலை மட்டும் கொடுக்காமல் காரணத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை:

அலுவலகத் தாள் சரி. உங்கள் நிபந்தனைகளும் சரியான இடத்தில்தான் போய் நிற்கின்றன. பிரச்சினை, போய் நின்ற இடத்தில் எதைப் பெருக்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. 15 சதவீதம் என்பது 12,45,000 முழுவதற்கும் கிடையாது, 12 லட்சத்தைத் தாண்டிய 45,000-க்கு மட்டும்.

ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும் ஏரிகளை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் பையனை. மேல் ஏரி நிரம்பினால்தான் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும், மேல் ஏரியில் நிற்கும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அது எவ்வளவு சம்பாதித்தாலும் மாறாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 45,000-க்கு 15 சதவீதம், 6,750. கூட்டினால் 66,750.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் நிரல் செய்கிற கணக்கைத்தான் நிறையப் பேர் மனதில் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள், ஸ்லாப் (வருமானப் படி) மாறிவிட்டால் மொத்தச் சம்பளத்துக்கும் கூடுதல் வீதம் விழும் என்று பயந்து, கூடுதல் வேலையே வேண்டாம் என்று மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பிலேயே ஒருவன் இதைப் புரிந்துகொண்டால் நல்லதுதானே.

நிரலுக்கு வருவோம். ஒரு படிக்கான வரியை மட்டும் கணக்கிடுகிற நிரல்பாகம் ஒன்று எழுதிவிட்டால் போதும்:

```
நிரல்பாகம் படிவரி( வருமானம், கீழ்எல்லை, மேல்எல்லை, வீதம் )
    @( வருமானம் <= கீழ்எல்லை ) ஆனால்
        விடை = 0
    @( வருமானம் <= மேல்எல்லை ) இல்லைஆனால்
        விடை = ( வருமானம் - கீழ்எல்லை ) * வீதம் / 100
    இல்லை
        விடை = ( மேல்எல்லை - கீழ்எல்லை ) * வீதம் / 100
    முடி
    பின்கொடு விடை
முடி
```

அப்புறம் ஒவ்வொரு படிக்கும் இதை அழைத்து, வரும் விடைகளைக் கூட்டுங்கள். 4-8 லட்சம் 5, 8-12 லட்சம் 10, 12-16 லட்சம் 15, 16-20 லட்சம் 20, 20-24 லட்சம் 25, அதற்கு மேல் 30. கடைசிப் படிக்கு மேல் எல்லை இல்லை, அந்த இடத்தில் ஏதாவது ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

கொடுமுடி_வாசகி:

ரொம்ப நன்றி அண்ணா. ஏரிக் கணக்கு அவனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இப்போது 66,750 சரியாக வருகிறது, 4 சதவீத செஸ் (வரியின்மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேர்த்தால் 69,420. ஆனால் அலுவலகத் தாளில் 46,800. இன்னும் 22,620 இடிக்கிறதே. 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அதை நிரலில் எங்குமே சேர்க்கவில்லை, அதனாலா? சேர்த்தாலும் எனக்குத்தான் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதே.

பழைய_பேரேடு:

அம்மா, அந்த 22,620 மார்ஜினல் ரிலீஃபால் (எல்லையைச் சற்றே தாண்டியவருக்கு வரியைக் குறைக்கும் சலுகை) குறைந்தது. சம்பளப் பட்டியலோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

'12 லட்சம் வரை வரி இல்லை' என்பது ஸ்லாப் கிடையாது. ஸ்லாப்படி பார்த்தால் 12 லட்சத்துக்கு 60,000 வரி விழத்தான் செய்கிறது. விழுந்த வரியை 87ஏ பிரிவின்கீழ் ரிபேட் என்று தள்ளிவிடுகிறார்கள், அதிகபட்சம் 60,000 வரை. ஆக நிரலிலும் இதே வரிசைதான் இருக்க வேண்டும்: முதலில் ஸ்லாப்படி முழு வரி, பிறகு ரிபேட். இரண்டையும் குழப்பி, 12 லட்சம் வரை வீதம் சுழியம் என்று அட்டவணையிலேயே எழுதிவிட்டால் 13 லட்சம் வருமானக்காரருக்குத் தவறான விடை வரும்.

இப்போது உங்கள் விஷயம். 12,00,000 வருமானம் உள்ளவருக்கு வரி 0. பத்து ரூபாய் கூடி 12,00,010 ஆகிவிட்டால் ரிபேட் போய்விடும், அப்போது அவர் 60,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். பத்து ரூபாய் கூடுதல் வருமானத்துக்கு அறுபதாயிரம் வரியா? அதைத் தடுக்கத்தான் சட்டத்தில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினீர்களோ, வரி அதற்கு மேல் போகக் கூடாது. நீங்கள் தாண்டியது 45,000. ஸ்லாப்படி வரி 66,750. ஆகவே வரி 45,000-ல் நின்றுவிடும். அதன்மேல் 4 சதவீதம் செஸ் 1,800. மொத்தம் 46,800. உங்கள் தாளில் இருக்கும் அதே தொகை.

```
@( வருமானம் <= 1200000 ) ஆனால்
    வரி = 0
இல்லை
    கூடுதல் = வருமானம் - 1200000
    @( வரி > கூடுதல் ) ஆனால்
        வரி = கூடுதல்
    முடி
முடி

செஸ் = வரி * 4 / 100
பதிப்பி "மொத்தம்", வரி + செஸ்
```

செஸ் போடும் கட்டளை கண்டிப்பாக இதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். செஸ்ஸை முதலில் கூட்டிவிட்டு அப்புறம் வரம்பைப் பார்த்தால் உங்களுக்கு 45,000 என்று வரும், 1,800 ரூபாய் குறைவாகக் காட்டும். அரசாங்கம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சம்பள உயர்வு பேசும்போது உதவும். இந்த வரம்பு 12,70,588 வரை வேலை செய்யும், அதன்பிறகு ஸ்லாப்படி வரும் வரியே கூடுதலைவிடக் குறைவாகிவிடும். அதுவரைக்கும் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் வரிக்கே போகிறது, போதாததற்கு அதன்மேல் 4 பைசா செஸ் வேறு. 12,70,000 வருமானம் உள்ளவர் 72,800 கட்டுகிறார், ஆக 12 லட்சம் வாங்குபவரைவிட அவர் கையில் 2,800 ரூபாய் குறைவு. ஏறக்குறைய 12,73,934-ஐத் தாண்டிய பிறகுதான் கைக்கு வருவது 12 லட்சம் வாங்குபவருடையதைவிடக் கூடுதலாகும். இது எல்லாம் 75,000 கழித்த பிறகு உள்ள தொகை, சம்பளமாகப் பார்த்தால் ஒவ்வொன்றோடும் 75,000 சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைச்சாரல்:

நல்ல இழை. நான் ஒரு குறுக்கு வழி சொல்லலாமா? 2025-26 அட்டவணையை உற்றுப் பாருங்கள், எல்லாப் படியும் 4 லட்சம் அகலம், ஒவ்வொரு படியிலும் வீதம் 5 சதவீதம் கூடுகிறது. அதனால் படிவரி நிரல்பாகமே தேவையில்லை, 4 லட்சத்துக்கு மேல் இருப்பதற்கு 5 சதவீதம், 8 லட்சத்துக்கு மேல் இருப்பதற்கு இன்னொரு 5 சதவீதம், 12-க்கு மேல் இன்னொரு 5 என்று 24 லட்சம் வரை கூட்டிக்கொண்டே போனால் போதும். நிபந்தனை பொருந்தும் வரை திரும்பத் திரும்ப ஓடும் 'வரை' சுழற்சியைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது:

```
வரி = 0
எல்லை = 400000
@( எல்லை <= 2400000 ) வரை
    @( வருமானம் > எல்லை ) ஆனால்
        வரி = வரி + ( வருமானம் - எல்லை ) * 5 / 100
    முடி
    எல்லை = எல்லை + 400000
முடி
```

12,45,000-க்குப் போட்டுப் பாருங்கள்: 8,45,000, 4,45,000, 45,000, மூன்றையும் கூட்டினால் 13,35,000, அதில் 5 சதவீதம் 66,750. வைகைக்கரை சொன்ன அதே விடை.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. அப்பா ஓய்வூதியம் வாங்குகிறார், அவருக்கும் இந்த 75,000 கழியுமா? வயது 72, மூத்த குடிமக்களுக்குத் தனி எல்லை இருக்கிறதே, அதற்காக நிரலில் இன்னொரு நிபந்தனை வைக்க வேண்டுமா?

பழைய_பேரேடு:

சுழற்சி அழகாக இருக்கிறது தம்பி, விடையும் சரி.

அப்பா வாங்குவது அவர் பார்த்த வேலைக்கான ஓய்வூதியம் என்றால் அது சம்பளமாகவே கணக்காகும், 75,000 கழியும். குடும்ப ஓய்வூதியம் வேறு. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் புதிய முறையில் கழியும். வயதைப் பொறுத்தவரை புதிய முறையில் எல்லோருக்கும் ஒரே அட்டவணை, 72 ஆனாலும் 4 லட்சம்தான். நீங்கள் சொல்லும் தனி எல்லை பழைய முறையில் இருக்கிறது, 60 ஆனால் 3 லட்சம், 80 ஆனால் 5 லட்சம். புதிய முறைக்கான நிரலில் வயதையே கேட்க வேண்டாம்.

அந்த 75,000-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு கழிக்காதீர்கள். ஒருவர் ஆண்டுக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்து 60,000 தான் வாங்கினார் என்றால் கழிவும் 60,000 தான். வங்கி வட்டி மட்டுமே வருமானமாக உள்ளவருக்குக் கழிவே கிடையாது. வாசகி அம்மாவின் நிரலில் சம்பளம் 60,000 என்று போட்டால் வருமானம் கழித்தல் 15,000 என்று ஆகும். வரி எப்படியும் சுழியம் என்பதால் வெளியில் தெரியாது. ஆனால் அதே நபருக்கு வட்டி 5 லட்சம் இருந்து, அதைப் பிறகு கூட்டினீர்கள் என்றால் அந்த 15,000 வட்டியிலிருந்து கழிந்துபோய்விடும்.

பங்கு விற்ற லாபம் இருப்பவர்கள் தயவுசெய்து இந்த நிரலை நம்பி வரி கட்ட வேண்டாம். அந்த லாபத்துக்குத் தனி வீதம், ரிபேட்டும் அதற்குக் கிடைக்காது. 50 லட்சத்துக்கு மேல் போனால் சர்சார்ஜ் என்று வரியின்மேல் இன்னொரு கூடுதல் வரியும் உண்டு. அப்படிப்பட்ட வருமானம் இருந்தால் 'இந்த நிரல் உங்களுக்கு அல்ல' என்று பதிப்பித்துவிட்டு நின்றுவிடட்டும்.

வைகைக்கரை:

சாரல், அந்தச் சுழற்சி எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அது 2025-26 அட்டவணைக்கு மட்டும் பொருந்துகிற அமைப்பு என்பதைப் பையனுக்குச் சொல்லியே ஆக வேண்டும். முந்தைய ஆண்டில் எல்லைகள் 3, 7, 10, 12, 15 லட்சம், கடைசியில் வீதம் 20-லிருந்து நேராக 30-க்குத் தாவியது. அங்கே இந்தச் சுழற்சி உடைந்துவிடும். எல்லையும் வீதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கணக்குப் போடும் முறை மாறாது, அதனால் இரண்டையும் நிரலில் தனித்தனியாக வைப்பது நல்லது.

அப்புறம், இதுவரை யாரும் தொடாத ஒன்று: முழுமையாக்கம். வரி போடுவதற்கு முன்பே மொத்த வருமானத்தைப் பத்தின் மடங்காக்க வேண்டும், கடைசியில் வரும் வரியையும் அப்படியே. பைசாவை விட்டுவிட்டு, கடைசி இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே. 12,00,004 வந்தால் அது 12,00,000 ஆகிவிடும், வரி இல்லை. 12,00,005 வந்தால் 12,00,010. பின்னால் பைத்தான் நிரல் மொழிக்குப் போகும்போது அதிலேயே இருக்கும் முழுமையாக்கச் செயற்கூற்றை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சரியாக நடுவில் இருக்கும் எண்ணை அது இரட்டைப்படைப் பக்கம் தள்ளும், 12,34,565-ஐப் பத்துக்கு முழுமையாக்கினால் 12,34,560 என்று தரும். சட்டப்படி அது 12,34,570. கையாலேயே எழுதிவிடுவது நல்லது, பைசாவை நீக்கிய பிறகு:

```
வருமானம் = வருமானம் + 5
வருமானம் = வருமானம் - வருமானம் % 10
```

கடைசியாக, சோதனை. உங்கள் சம்பளம் ஒன்றை மட்டும் போட்டு 46,800 வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். முதலில் எழுதிய நிரலும் 4 லட்சத்துக்குக் கீழ் எந்த எண்ணைக் கொடுத்தாலும் சரியான விடைதான் தந்திருக்கும். நிரலை ஓட்டுவதற்கு முன்பே பையன் காகிதத்தில் கையால் போட்டு வைக்கட்டும், எல்லையில் உட்கார்ந்திருக்கும் எண்களாக. கழிவு போன பிறகுள்ள வருமானம், செஸ் சேர்ப்பதற்கு முன் வர வேண்டிய வரி:

12,00,000 என்றால் 0
12,00,010 என்றால் 10
12,70,580 என்றால் 70,580
12,70,590 என்றால் 70,588.50
16,00,000 என்றால் 1,20,000
24,00,000 என்றால் 3,00,000

மூன்றாவதும் நான்காவதும் முக்கியம், வரம்பு வேலை செய்வது நிற்கும் இடம் சரியாக அவற்றின் நடுவில்தான் இருக்கிறது.

மழைச்சாரல்:

12,00,000-ல் ஒரு வேடிக்கை கண்டேன். நிபந்தனையில் 'அல்லது சமம்' என்பதை எடுத்துவிட்டு வெறும் 'குறைவு' என்று வைத்தாலும் விடை 0 தான் வருகிறது. கூடுதல் சுழியம் ஆகிறது, வரம்பு வரியைச் சுழியத்துக்கு இறக்கிவிடுகிறது. அப்படியானால் அந்தச் சமக்குறி தேவையே இல்லையா?

வைகைக்கரை:

இந்த இடத்தில் வரம்பு அந்தத் தவறை மூடிவிடுகிறது. பழைய முறைக்கு எழுதிப் பாருங்கள், உடனே வெளியே வரும். அங்கே 5 லட்சம் வரை 12,500 ரிபேட் உண்டு, மார்ஜினல் ரிலீஃப் கிடையாது. சமக்குறி இல்லாவிட்டால் சரியாக 5,00,000 வருமானம் உள்ளவருக்கு, ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாதவருக்கு, செஸ்ஸோடு 13,000 ரூபாய் கேட்கும் உங்கள் நிரல். சட்டத்தில் 'மிகாமல்' என்று இருந்தால் நிரலில் சமக்குறி வேண்டும், விடை மாறுகிறதோ இல்லையோ.

கொடுமுடி_வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படிவரி நிரல்பாகம், ரிபேட், வரம்பு, செஸ், பத்துக்கு முழுமையாக்கம் என்ற வரிசையில் மாற்றிவிட்டோம் (வருமானத்தை முழுமையாக்குவதை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்கிறோம்). என் சம்பளத்துக்கு 46,800. வைகைக்கரை அண்ணா கொடுத்த ஆறு எண்களையும் பையன் முதலில் நோட்டில் போட்டான், 12,70,590-க்கு அவன் நோட்டில் 70,590 என்று எழுதியிருந்தான், நிரல் 70,588.50 என்றதும் நிரல்தான் தவறு என்று வாதாடினான். கூடுதலையும் ஸ்லாப் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு, எது குறைவோ அதுதான் வரி என்று அவனே சொன்னான். சித்தி, அப்படியென்றால் இரண்டில் சிறியதை எடுக்கிற நிரல்பாகம் ஒன்று எழுதிவிடலாமே என்கிறான். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.

அடுத்து 2024-25-க்கும் இதே நிரலில் எல்லைகளையும் வீதங்களையும் மட்டும் மாற்றிப் பார்க்கப் போகிறோம். அந்த ஆண்டுக்கு ரிபேட் எவ்வளவு? சரிபார்க்க ஒரு எண் கிடைக்குமா?

பழைய_பேரேடு:

2024-25 புதிய முறையில் 3 லட்சம் வரை இல்லை, 3-7 லட்சம் 5, 7-10 லட்சம் 10, 10-12 லட்சம் 15, 12-15 லட்சம் 20, அதற்கு மேல் 30. கழிவு அப்போதும் 75,000 தான். ரிபேட் 7 லட்சம் வரை, அதிகபட்சம் 25,000, மார்ஜினல் ரிலீஃப் அதற்கும் உண்டு. கழிவு போக வருமானம் 7,10,000 என்று போடுங்கள். ஸ்லாப்படி 21,000, கூடுதல் 10,000, செஸ்ஸோடு 10,400 வர வேண்டும். நிரலில் 12 லட்சம் என்பதை எங்கெல்லாம் எண்ணாகவே எழுதியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் 'ரிபேட்எல்லை' என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு இடத்தில் மாற்றி இன்னொரு இடத்தில் விட்டுவிட நேரும்.